ராமுடுவின் சனிக்கிழமைகள்

திருப்பதி மலையடிவாரத்து ஜூவில் பாதி ஜனம் ஒழுங்காக நடந்துகொள்வதற்குக் காரணம் போர்டும் இல்லை, அபராதமும் இல்லை, பொன்னியம்மாவின் வாய்தான். இதை அங்கே வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மொட்டை அடித்து, தலையில் சந்தனம் பூசி, மலையிலிருந்து இறங்கின கையோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள் ஜனங்கள். பையில் பிரசாதம் இருக்கும். பெருமாளைப் பார்த்துவிட்டு வந்த மனசு, தாராளமாக இருக்கும். கரடிக்கு ஒரு விள்ளல் லட்டு, குரங்குக்கு ஒரு வாழைப்பழம் என்று கை நீளும். நீண்ட கை பாதியிலேயே நின்றுவிடும், ஏனென்றால் எங்கிருந்தோ அந்தக் குரல் வந்துவிடும்.

"யோவ்! ஜூ பாக்க வந்தியா, அன்னதானம் பண்ண வந்தியா? அதுக்குச் சக்கரை வந்தா உங்கூட்டுக்கு இட்டுக்கினு போய் ஊசி போடுவியா? எடு கையை!"

தமிழ்க்காரர் என்றால் இப்படி. தெலுங்குக்காரர் என்றால் இதையே தெலுங்கில், இன்னும் ரெண்டு வார்த்தை கூட்டி. வடக்கேயிருந்து வந்தவர் என்றால் பாஷையே தேவையில்லை, துடைப்பத்தைத் தூக்கிக் காட்டினால் போதும்.

பொன்னியம்மாவுக்கு நாற்பத்தாறு வயசு. நகரிக்குத் தெற்கே, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஆந்திரா அந்தப் பக்கம் தமிழ்நாடு என்று இருக்கிற ஊரில் பிறந்தவள். ஊரான் நிலத்தில் களை பிடுங்கி வளர்ந்த குடும்பம். கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தாள். புருஷன் ரங்கன், மலைக்கு ஏறுகிற வழியில் இருக்கிற அலிபிரியில் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ஜூவில் புல் வெட்ட வந்தவள், பெருக்கினாள், கழுவினாள், கடைசியில் கரடிக் கூண்டுக்குக் கீப்பர் ஆனாள். அதற்கு ஒரு கதை உண்டு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பலமனேர் பக்கம் ஒரு மாந்தோப்புக் கிணற்றில் கரடிக் குட்டி ஒன்று விழுந்துவிட்டது. தாய் எங்கே போச்சோ தெரியவில்லை. வலை போட்டுத் தூக்கி இங்கே கொண்டுவந்தார்கள். குட்டி மூலையில் போய்ச் சுருண்டது, அவ்வளவுதான். பால் வேண்டாம், தேன் வேண்டாம், ராகிக் கூழ் வேண்டாம். நாலு நாள் ஆயிற்று. டாக்டரே உதட்டைப் பிதுக்கிவிட்டார். ஐந்தாம் நாள் சனிக்கிழமை. பொன்னியம்மாவுக்குச் சனிக்கிழமை ஒருபொழுது. மத்தியானம் மூன்றரைக்கு வேலை முடித்துக் கைகால் கழுவி, பிரசாதம் ஒரு துண்டு வாயில் போட்டுத்தான் விரதம் விடுவாள். ரங்கனின் ஆட்டோவில் இறங்குகிற யாராவது ஒரு லட்டு கொடுக்காத வாரம் கிடையாது.

அன்றைக்கு அவளுக்கு அந்தத் துண்டு தொண்டையில் இறங்கவில்லை. பிரசாதத்தை ஒண்டியாகத் தின்னக்கூடாது, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தின்ன வேண்டும். அவள் வீட்டுப் பழக்கம் அது. பக்கத்தில் இருந்தது யார்? குட்டிதான். கதவுக்கு அடியில் தட்டு தள்ளுகிற சந்து வழியாகப் பாதி லட்டைத் தள்ளினாள். "வேங்கடேசா, இது இத்தத் துன்னுட்டா உசுரு இருக்கிற வரிக்கும் சனிக்கிழமை ஒருபொழுதை உடமாட்டேன், இதுக்குக் குடுக்காத துன்னமாட்டேன்" என்று வேண்டிக்கொண்டாள்.

குட்டி மோந்தது, நக்கியது, தின்றது. சாயங்காலம் கூழும் குடித்தது.

அவள் கொடுத்தால்தான் தின்கிறது என்று அவளையே கீப்பர் ஆக்கினார்கள்; அதற்கு ராமுடு என்று பேர் வைத்ததும் அவள்தான். அன்றிலிருந்து ஒன்பது வருஷம், ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்றரை மணிக்கு, பின்கதவில், யாருக்கும் தெரியாமல் பாதி லட்டு. ஆமாம், ஊரெல்லாம் திட்டுகிற அதே பொன்னியம்மாதான்! வேலியே பயிரை மேய்கிறது என்பார்களே, அதுதான். ஆனால் அவளிடம் போய் அதைச் சொல்லிவிட முடியுமா? அவள் கணக்கில் ஜனங்கள் போடுவது தீனி, அவள் கொடுப்பது பிரசாதம். ரெண்டும் ஒன்றா?

போன வருஷம் ராமுடுவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகிப் பிடுங்கினார்கள். "வெளியாளுங்க இனிப்பு ஏதாச்சும் போடறாங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "போடறானுங்க சார், எவ்ளோதான் கத்தறது" என்றாள் பொன்னியம்மா. அன்றைக்கு வந்த பக்தர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வகுப்பு வந்தது.

லோகேஸ்வரன் சார் திருத்தணிக்காரர். தினமும் ரயிலில் வந்து போகிறவர். விலங்குகளைப் பற்றிப் படித்துவிட்டு, ஜூவிலேயே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க வேலைக்கு வந்தவர். அவர் வகுப்பில் கரும்பலகை கிடையாது. ஆளுக்கு ஒரு அட்டை, அட்டையில் ஒரு தாள், ரெண்டு பேருக்கு ஒரு கடிகாரம், ரெண்டு பேருக்கு ஒரு மிருகம். ஜூ லீவான செவ்வாய் தவிர, பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, தினமும் மத்தியானம் இரண்டே முக்காலிலிருந்து மூன்றே முக்கால் வரை அதன் முன்னால் நிற்க வேண்டும். ஒரு நிமிஷம் ஆனதும் கடிகாரம் 'பீப்' என்று கத்தும். அந்தக் கணத்தில் மிருகம் என்ன செய்கிறதோ அதற்கு நேராக ஒரு கோடு. தூக்கம், தீனி, தோண்டல், சொறிதல், நடை, கதவுகிட்ட குறுக்கும் நெடுக்குமாக நடை. ஒரு மணி நேரத்துக்கு அறுபது கோடு. ஆறு வாரம். கடைசியில் சித்தூரில் ஒரு காலேஜில் நடக்கிற சைன்ஸ் ஃபேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. "பார்த்ததை எழுது. நினைச்சதை எழுதாதே."

ராமுடுவுக்கு வாய்த்தவர்கள் ஒன்பதாம் கிளாஸ் பெண்கள் ரெண்டு பேர். அக்ஷயாவின் குடும்பம் சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அளந்து பேசுகிற பெண், பென்சிலைச் சீவிச் சீவி வைத்துக்கொள்வாள். சுஷ்மிதா தெலுங்குக்காரி, ஆனால் தமிழும் தெலுங்கும் கலந்து ஒரே மூச்சில் பொரிந்து தள்ளுவாள். முதல் நாளே தாளில் 'கரடி சோகமாக இருக்கிறது' என்று எழுதிவிட்டாள்.

"சோகத்தைப் பார்த்தியா? எங்க பார்த்த?" என்றார் சார்.

"மூஞ்சில சார்."

"கரடி மூஞ்சி எப்பவும் அப்படித்தாம்மா இருக்கும். அதை அடிச்சுடு."

பொன்னியம்மாவுக்கு இதெல்லாம் கூத்தாக இருந்தது. "ஒம்போது வருசமா பாத்துகினு கீறேன், நான் இன்னா பேப்பரா எழுதினேன்? கொட்டாவி உட்டா ஒரு கோடு, சொறிஞ்சா ஒரு கோடு. இதுக்கு ஒரு சதுவு, ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சாரு!" என்று பெண்களின் காதுபடவே சொல்வாள்.

சொல்வாளே தவிர, ரெண்டாம் நாளே அவர்களுக்கு நிழலில் ரெண்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு வைத்தாள் உட்கார. மூன்றாம் நாள் பானைத் தண்ணி. நாலாம் நாள், "ஏமே சுஷ்மிதா, ரிப்பனை ஒழுங்கா கட்டு, ராமுடு உன்னைப் பாத்து பயந்துக்கப்போறான்." கரையான் புற்றில் ராமுடு எப்படி மூக்கை வைத்து ஊதி, உறிஞ்சி எடுப்பான் என்று வாயைக் குவித்துக் காட்டினாள். மனசு நிறைஞ்சுபோனால் கையைச் சூப்பிக்கொண்டு உர்ர்ர்ரென்று ஒரு பாட்டுப் பாடுவான், அதைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றாள். "இதெல்லாம் உன் பேப்பர்ல இருக்குதா?"

"பாடினா எழுதிக்கறோம் ஆன்ட்டி" என்றாள் அக்ஷயா. அவன் அவர்கள் முன்னால் பாடவேயில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் அக்ஷயா ஓடிவந்தாள். கலர் பென்சிலில் போட்ட கிராஃப், சாருக்குக்கூட இன்னும் காட்டவில்லை, முதலில் ஆன்ட்டிக்குத்தான்.

"தோ பாருங்க ஆன்ட்டி. ஒவ்வொரு கம்பமும் ஒரு கிழமை. பின்கதவாண்ட குறுக்க நெடுக்க நடந்த நிமிஷம். திங்க ஆறு. புதன் அஞ்சு. வியாழன் ஏழு. வெள்ளி அஞ்சு. ஞாயிறு ஆறு. இப்ப சனிக்கிழமை பாருங்க."

மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் ஒரு தென்னைமரம் நிற்பதுபோல் நின்றது சனிக்கிழமை. நாற்பத்தொன்று.

"ஒரு வாரம் இல்ல ஆன்ட்டி, எல்லா வாரமும் இப்பிடித்தான். மூணரை ஆனா டக்குனு நிக்குது. அப்புறம் போய்ப் படுத்துக்கறான். ஏன்னே தெரியல!" பெண்ணின் கண் பளபளத்தது. ஏதோ புதையல் கிடைத்த மாதிரி.

பொன்னியம்மா அந்தத் தென்னைமரத்தையே பார்த்தாள். பெண்கள் நிற்பது முன்பக்கம், பின்கதவுக்கு அந்தப் புறம் சுவர். அவள் அங்கே உட்கார்ந்திருப்பதை ஒருத்தரும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு காகிதம், நாற்பத்தொரு கோட்டில், அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது. அதைவிட மோசம் ஒன்று இருந்தது. அவள் எப்போதும் போய்ச் சேர்வது மூன்றரைக்கு. அப்போது ராமுடு கதவில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றிருப்பான். 'எஞ்செல்லம் எனக்காக நிக்கிறான்' என்று பூரித்துப்போவாள். அதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் நிலைகொள்ளாமல் அல்லாடிக்கொண்டிருக்கிறான் என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரியவே தெரியாது.

"நல்லா கீதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பெண்கள் காரணம் தேடினார்கள். சனிக்கிழமை என்றால் பெருமாள் கிழமை, பஸ் பஸ்ஸாக ஜனம், அந்தச் சத்தத்தில் கரடி கலவரப்படுகிறது என்று சுஷ்மிதா முடிவு கட்டினாள். சாரும் "இருக்கலாம், கணக்கெடுங்க" என்றார். வாசலில் டிக்கெட் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கினார்கள். அங்கேதான் இடித்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சனிக்கிழமையைவிட அதிகம். அன்றைக்கோ ராமுடு காலை நீட்டித் தூங்குகிறான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அடுத்த நாள் எல்லார் முன்னாலும் சொல்லிப் பார்க்க வேண்டிய ஒத்திகைக்காகப் பெண்கள் பெரிய சார்ட்டில் கிராஃப் வரைந்துகொண்டிருந்தார்கள். பொன்னியம்மா ஜன்னலுக்கு வெளியே கூழ்ப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமையை எடுத்துடலாம் அக்ஷயா. அன்னிக்கி மழைன்னு சொல்லிக்கலாம். எடுத்துட்டா நீட்டா வந்துடும்" என்றாள் சுஷ்மிதா.

"நாம பாத்தோமே?"

"பாத்தோம். எவரிகி தெலுசு? யாருக்குத் தெரியப்போவுது?"

பிறகு ரப்பர் தேய்க்கிற சத்தம் கேட்டது. பொன்னியம்மாவின் கையிலிருந்த தேங்காய் நார் நின்றுவிட்டது.

வீட்டுக்குப் போகிற வழியில் ஆட்டோவில் எல்லாவற்றையும் ரங்கனிடம் கொட்டினாள். அவன் முதலில் சிரித்தான்.

"அடுத்தவனை ஏசறப்ப இனிச்சுது இல்ல? இப்ப பாரு."

"சிரிக்காதய்யா. சொன்னா என்னை ராமுடுகிட்டேர்ந்து தூக்கிடுவாங்க. வெளித் தீனி குடுத்த கீப்பரை அந்தக் கூண்டுல வெச்சுக்கமாட்டாங்க, அதான் ரூலு."

"அப்ப சொல்லாத. யாருக்குத் தெரியும்?"

"ராமுடுவுக்குத் தெரியும்."

"அது வந்து சாட்சி சொல்லப்போவுதா?"

"சொல்லிக்கினுதான்யா கீது, அஞ்சு ஆறு வாரமா! அந்தப் பேப்பர் பூரா அதுதான். அந்தப் பொண்ணு பாத்தத ரப்பர் போட்டு அழிக்கிதுய்யா, என்னால. நல்ல பொண்ணு. பென்சிலைச் சீவிச் சீவி எழுதின பொண்ணு."

ரங்கன் சிரிப்பை நிறுத்திவிட்டான். இறங்கும்போது, "நாளைக்கு லட்டு வேணுமா வேணாமா?" என்று மட்டும் கேட்டான். "வேணும்" என்றாள் அவள்.

மறுநாள் ரெண்டு மணிக்கு ஒத்திகை. வகுப்பறையில் லோகேஸ்வரன் சார், ஜூ டாக்டர், ஜூவுக்கே பொறுப்பான கியூரேட்டர் அம்மா எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சார்ட் மேஜைமேல் விரித்திருந்தது. சுஷ்மிதா கடகடவென்று சொல்லிக்கொண்டுபோனாள். சனிக்கிழமைக் கூட்டம், சத்தம், கரடிக்குக் கலவரம், ஆகையால் சனிக்கிழமைகளில் கரடிப் பக்கம் கயிறு கட்ட வேண்டும். அக்ஷயா பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றாள்.

"ஞாயிற்றுக்கிழமை எங்கம்மா?" என்றார் சார்.

அக்ஷயா சார்ட்டில் ரப்பர் தேய்த்த இடத்தைப் பார்த்தாள்.

"அதுங்களைக் கேக்காத சார்" என்று கதவருகிலிருந்து குரல் வந்தது. "என்னைக் கேளு."

பொன்னியம்மா உள்ளே வந்தாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அரை லட்டு. அதைக் கொண்டுபோய்ச் சார்ட்டில் அந்தத் தென்னைமரத்தின் உச்சியில், நாற்பத்தொன்று என்று எழுதியிருந்த இடத்தில் வைத்தாள். நெய் ஊறிக் காகிதத்தில் வட்டமாகப் பரவியது.

"கூட்டமும் இல்ல, சத்தமும் இல்ல. இதுதான். மூணரைக்குப் பின்கதவாண்ட நான் குடுக்கறேன். ஒம்போது வருசமா. டாக்டர் சார், அந்தப் பல்லும் என்னாலதான். ஊரான் மேல பழி போட்டேன்." குரல் அதுவரைக்கும் கெட்டியாகத்தான் இருந்தது. பெண்களைப் பார்த்ததும் உடைந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமையைத் திருப்பிப் போடுடி கண்ணு. நீ பாத்தது நெசம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கியூரேட்டர் அம்மா கண்டிப்பானவர், ஆனால் பொன்னியம்மாமேல் அவருக்கும் பிரியம் உண்டு.

"ரூல் தெரியுமில்ல பொன்னியம்மா?"

"நான்தானேம்மா அத்த ஊருக்கே கத்திக்கினு கீறேன்."

"திங்கட்கிழமையிலேர்ந்து மான் பக்கம் போயிடு. புதுக் கீப்பர் வருவாங்க."

"சரிம்மா."

சுஷ்மிதா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். நாங்க கோடு போட்டதாலதானே ஆன்ட்டி, என்று தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றி அழுதாள். அக்ஷயா அழவில்லை. அந்த நெய் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாகக் கேட்டாள்.

"ஆன்ட்டி, அவன் லட்டுக்காக நடக்கறானா, உங்களுக்காக நடக்கறானா?"

சின்னப் பெண்தான், விகல்பமில்லாமல்தான் கேட்டாள். பொன்னியம்மாவுக்கு ஆளைத் தூக்கி எறிந்ததுபோல் ஆகிவிட்டது. கரடிக் கூண்டை விட்டுப் போவதுகூடப் பரவாயில்லை. ஒன்பது வருஷமாக அந்தக் கதவில் மூக்கை வைத்து நின்றது யாரைப் பார்த்து? அவளைப் பார்த்தா, அவள் முந்தானை முடிச்சைப் பார்த்தா?

லோகேஸ்வரன் சார்தான் வழி சொன்னார். "ஒண்ணை மட்டும் மாத்திப் பார்த்தா தெரிஞ்சுடும். அதே நேரம், அதே இடம், அதே ஆள். லட்டு மட்டும் கிடையாது. சித்தூர் போறதுக்கு முன்னாடி நாலு சனிக்கிழமை இருக்கு." அவர் கியூரேட்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, நாலு சனிக்கிழமைக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். ஐந்தாவது கிடையாது. அதற்குப் பிறகு பொன்னியம்மா கரடிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

அந்த நாலும் புரட்டாசிச் சனிக்கிழமைகள். சொல்லணுமா? மலைமேல் எள் போட்டால் எள் விழாது, அந்தக் கூட்டத்தில் கால்வாசி ஜூவுக்கும் வரும். கூட்டம்தான் காரணம் என்றால் ராமுடு நடந்தே தேய்ந்துவிட வேண்டும். பரிசோதனைக்கு இதைவிடத் தோதான மாசம் கிடைக்காது என்றார் சார். பொன்னியம்மாவுக்கோ, வருஷத்திலேயே பிரசாதத்தைக் கொடுத்தே தீர வேண்டிய மாசம் அது.

முதல் சனிக்கிழமை. சுஷ்மிதா முன்பக்கம் கோடு போட்டாள். அக்ஷயாவும் சாரும் பின்பக்க வழியில், மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். பொன்னியம்மாவுக்கு, லட்டு வாசனை வராமலிருக்க, துவைத்த புடவை, முடிச்சில்லாத முந்தானை. மூன்றரைக்கு அவள் போய்க் கம்பி வலைக்கு ஒரு கை தூரத்தில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். அவனைக் கூப்பிடக்கூடாது, அவனிடம் பேசக்கூடாது. ராமுடு ஓடிவந்தான். கீழே சந்தில் மூக்கைவிட்டுத் தேடினான். உறிஞ்சினான், ஊதினான், நகத்தால் பிறாண்டினான். பத்து நிமிஷம் தேடிவிட்டு, புஸ் என்று ஒரு மூச்சுவிட்டு, திரும்பிப் போய்விட்டான். அன்றைக்கு நாற்பத்துமூன்று நிமிஷ நடை.

அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே பொன்னியம்மா அழுதாள். வெட்கமே படவில்லை. "போடா, லட்டுக்குப் பொறந்தவனே" என்று மூக்கைச் சிந்தினாள்.

நாலு மணிக்கு வெளியே குழாயடியில் அவள் விரதம் விட உட்கார்ந்தபோது ஒரு சிக்கல் வந்தது. ராமுடுவுக்குக் கொடுக்காத குறையைப் பெருமாள் மன்னிக்கட்டும், ஆனால் பிரசாதத்தை ஒண்டியாகத் தின்னக்கூடாதே! பெண்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு விள்ளல் கொடுத்தாள்.

"ஆன்ட்டி, மேமு கரடியா? நாங்க கரடியா?" என்றாள் சுஷ்மிதா வாய் நிறைய. அழுதுகொண்டிருந்த பொன்னியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ கரடிதான்டி. துன்னு."

ரெண்டாம் சனிக்கிழமை இருபத்தெட்டு. ராமுடு வந்து மோந்தான், போனான். மூன்றாம் சனிக்கிழமை பதினொன்று. அன்றைக்கு மூன்றரைக்கு அவள் வந்து உட்கார்ந்தபோது அவன் கிட்டவே வரவில்லை, தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மரக்கட்டையைப் புரட்டப் போய்விட்டான். பல் வலி இல்லை, எடை சரியாக இருக்கிறது, நிம்மதியாகத் தூங்குகிறான் என்று டாக்டர் சொன்னார். நல்ல சேதிதான். மான் பக்கத்தில் புல்லைக் கட்டுக் கட்டாகப் போட்டுக்கொண்டிருந்த பொன்னியம்மா, "சந்தோசம் சார்" என்றாள். சந்தோஷம்தான் அவளுக்கு, பொய்யில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் ஆட்டோவில் ரங்கனிடம், "அந்தப் பொண்ணு கேட்டதுக்குப் பதில் வந்துடிச்சிய்யா" என்றாள். ரங்கன் அவள் பக்கம் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

சித்தூரில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பஸ்ஸில் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு போனார்கள், ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிப் போட்டு, நெய் வட்டத்தை அப்படியே விட்டு. ஒரு மேடம் வந்து, "சார்ட்ல என்னம்மா கறை?" என்றார். "அது கறை இல்ல மேடம், அதுதான் காரணம்" என்றாள் அக்ஷயா. ரெண்டாம் பரிசு. முதல் பரிசு சூரிய அடுப்புக்குப் போயிற்றாம். போகட்டும். நான் சொல்ல வந்தது அது இல்லை, அதற்கு ரெண்டு நாள் முந்தின சனிக்கிழமை.

நாலாவது, கடைசி. அன்றைக்கு ஜூவில் நடக்க வழியில்லை, அவ்வளவு ஜனம். ரெண்டே முக்காலிலிருந்து மூன்றரை வரைக்கும் அக்ஷயாவின் தாளில் 'கதவு நடை' என்ற கட்டம் காலியாகவே இருந்தது. ராமுடு வேப்பமரத்தடியில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

மூன்றரைக்குப் பொன்னியம்மா வந்தாள். வாளியைக் கவிழ்த்தாள். கம்பி வலையைப் பார்த்து உட்கார அன்றைக்கு அவளுக்கு மனசு வரவில்லை. முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். தூங்குகிறவன் தூங்கட்டும். அவன் நிம்மதியாக இருக்க வேண்டும் என்றுதானே இத்தனையும்?

"சைபரா?" என்று மெல்லக் கேட்டாள்.

"சைபர் ஆன்ட்டி."

"எழுதுடி. நல்லா முட்டையாட்டம் பெருசா எழுது. எம்புள்ள பாசாயிட்டான்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பீப். ஒரு நிமிஷம். பீப். ரெண்டு நிமிஷம். அக்ஷயாவின் பென்சில் அசையாமல் நின்றது. சார் அவள் தோளைத் தொட்டார்.

வேப்பமரத்தடியில் ராமுடு எழுந்திருந்தான். உடம்பை உதறினான். அவசரமே இல்லாமல், தொப்பை ஆட, நடந்து வந்தான். சந்தில் மூக்கை வைக்கவில்லை. தரையை மோக்கவில்லை. பொன்னியம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராக, கம்பி வலைக்கு அந்தப் புறம் வந்து, அவள் மாதிரியே முதுகைத் திருப்பிப் பொத்தென்று உட்கார்ந்தான். முன்னங்காலைத் தூக்கி வாயில் வைத்துச் சூப்ப ஆரம்பித்தான். உர்ர்ர்ர் என்று, தேன்கூட்டுப் பக்கம் காதை வைத்த மாதிரி, அந்தப் பாட்டு வந்தது.

பொன்னியம்மா முந்தானையை எடுக்கவில்லை. திரும்பவும் இல்லை. திரும்பினால் அதுவே அவனைக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். தோள் மட்டும் குலுங்கியது.

"சார்" என்றாள் அக்ஷயா, கிசுகிசுப்பாக. "இதுக்குத் தாள்ல கட்டமே இல்லையே."

சார் தாளைத் தொட்டுக் காட்டினார். "ஓரத்துல எழுதும்மா. பார்த்ததை எழுது."

அந்தப் பெண் பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தாளின் ஓரத்தில், பொடி எழுத்தில் எழுதினாள்:

'3.34. கரடி வந்து கீப்பர் பக்கத்தில் உட்கார்ந்தது. பாடியது. கீப்பர் கையில் ஒன்றும் இல்லை.'